கோடுகளாகிப் போன முகவரி

எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரங்களை எடுத்துவிட்டுக் கணினித் திரைகளைக் கொண்டுவந்து வைத்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. எண்பதுகளின் நடுப்பகுதி. சிங்கப்பூரில், ஆன்சன் ரோட்டில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இருந்த, கப்பலில் சரக்கு அனுப்பும் நிறுவனம் அது. சிராங்கூன் ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் நடந்த வகுப்பில் டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் முடித்த கையோடு, எழுபதுகளின் தொடக்கத்தில் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அதன்பின் வேறு எங்கும் போகவில்லை. மேலாளர்கள் மூன்று பேர் மாறினார்கள். என் நாற்காலி மாறவில்லை.

கணினி என்று நாங்கள் சொன்னது உண்மையில் பின்னறையில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு பெரிய அலமாரி அளவில் நின்றது. எங்கள் மேசைகளில் இருந்தவை அதனோடு கம்பியால் இணைத்த எட்டு டெர்மினல்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. படம் கிடையாது, மவுஸ் கிடையாது. எதைச் செய்வதானாலும் தட்டித்தான் செய்ய வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு பட்டியல் வரும். அதைச் சுற்றி அழகாகக் கோடு போட்ட ஒரு கட்டம் இருக்கும். ஒன்றைத் தட்டினால் வாடிக்கையாளர் விவரம், இரண்டைத் தட்டினால் கப்பல் விவரம் என்று போகும்.

முதல் மாதம் முழுவதும் பழைய அட்டைகளில் இருந்த வாடிக்கையாளர் பெயர்களையும் முகவரிகளையும் உள்ளே ஏற்றினோம். நான், பக்கத்து மேசைச் சீனப் பெண், இன்னும் ஒருத்தி, மூன்று பேர். என் வேகம் எனக்குப் பெருமை. மற்ற இருவரும் ஒரு கட்டு முடிப்பதற்குள் நான் இரண்டு முடித்துவிடுவேன். திரையைப் பார்க்க மாட்டேன். கண் அட்டையில் இருக்கும், விரல் தன் பாட்டில் ஓடும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

ஏற்றி முடித்த பிறகு வாடிக்கையாளர்களைப் பெயரின் முதலெழுத்துப்படி எங்களுக்குள் பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது முதல்முறை நடந்தது.

கடிதத்தைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தவள் தற்செயலாகத் தலையைத் தூக்கினேன். திரையின் கீழ்ப் பாதியில் எழுத்தே இல்லை. படுக்கைக் கோடுகள், மூலைகள், பொடிப்பொடியாகப் புள்ளி வைத்த சதுரங்கள், நடுநடுவே ஓர் ஆங்கில எழுத்து. யாரோ வீட்டு வரைபடத்தைக் கிழித்துத் தூவியதுபோல இருந்தது. பயந்துபோய் அடுத்த வாடிக்கையாளருக்குப் போனேன். அங்கே மேலிருந்து கீழ்வரை அதே கோலம். ஒரு மாதம் மூன்று பேர் உட்கார்ந்து ஏற்றியதெல்லாம் என் கையால் அழிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

டெர்மினலின் பின்னால் கையை விட்டு சுவிட்சை அணைத்துப் போட்டேன். பட்டியல் பக்கத்துக்கு வந்தேன். எழுத்துகள் சரியாகியிருந்தன. ஆனால் சுற்றியிருந்த கட்டத்தைக் காணவில்லை. மேலே கோடு இருந்த இடத்தில் qqqqqqqq என்று ஒரு வரிசை. பக்கவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக x.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கும் எனக்கும் சிங்கப்பூர் 'லா' போட்ட ஆங்கிலம்தான் பேச்சு. "ஐயோ, உன் மெஷினுக்குப் பேய் பிடிச்சிருக்கு லா" என்றாள். நிரலை விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே நுழைந்ததும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. நானும் யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் மறுபடி வந்தது. இந்த முறை மேலாளர் பார்த்துவிட்டார். டெர்மினல் விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்து திரையை மாற்றி வைத்தார். நான்கு நாள் நன்றாக ஓடியது. பிறகு புதுத் திரையிலும் அதே கோடுகள். கம்பியை மாற்றினார்கள். அப்போதும் போகவில்லை. ஆள் வந்து பார்க்கும் நேரமெல்லாம் திரை நல்ல பிள்ளையாக இருக்கும். மற்ற ஏழு பேருக்கும் எதுவும் ஆகவில்லை. திரையும் புதிது, கம்பியும் புதிது. மாறாமல் இருந்தது நான் ஒருத்திதான்.

மேலாளர் கெட்டவர் அல்ல. என்னை அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, ரொம்ப மரியாதையாகவே சொன்னார். எல்லாருக்கும் கணினி பழகிவிடும் என்று சொல்ல முடியாது, அதில் அவமானம் ஒன்றும் இல்லை, கீழ்த்தளத்தில் ஃபைல் அறைக்குப் பொறுப்பாக ஆள் வேண்டும், மாத முடிவு வரை யோசித்துப் பார். நான் "யெஸ் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கழிவறையில் போய் முகத்தைக் கழுவினேன். அழவில்லை. ஆனால் முகம் கழுவ வெகுநேரம் ஆயிற்று.

வீட்டில் அதைச் சொல்ல ஞாயிறு வரை ஆனது. நாங்கள் குவீன்ஸ்டவுனில் இருந்தோம். காலைத் திருப்பலி முடிந்து, மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து தேக்கா சந்தைக்குப் போய் ஆட்டிறைச்சியும் மசாலாவும் வாங்கி வருவது வழக்கம். அன்று பையை நாற்காலிக்கடியில் வைத்துவிட்டு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தபோது, என் கணவர் கேட்டார்.

"என்ன, நாலு நாளா ஒரு மாதிரியா இருக்கே? கறிக்காரன்கிட்டகூட வெல பேசல."

சொன்னேன். எல்லாவற்றையும், ஃபைல் அறை உட்பட.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். கணினியை அவர் தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "எப்பவுமே அப்படித்தான் வருதா, இல்ல வந்து வந்து போகுதா?"

"வந்து வந்து போகுது."

"அதான் ரொம்பத் தொல்லை. முழுசா கெட்டுப்போன வண்டின்னா அரை நாள்ல கண்டுபிடிச்சிரலாம். ரோட்டுல கெட்டு, டிப்போவுக்கு வந்தா ஒழுங்கா ஓடுற வண்டி இருக்கே, அதுக்கு டிரைவரத்தான் புடிக்கணும். எந்த எடத்துல நின்னுச்சு, ஏத்தமா எறக்கமா, மழையா வெயிலா, அதுக்கு முன்னால என்ன பண்ணீங்க. எல்லாத்தையும் கேப்பேன்."

"டிரைவர் மேல தப்புன்னு சொல்லுவீங்களா?"

"சிலசமயம் டிரைவர் தப்புதான்" என்றார். "ஆனா கேக்காம எப்படித் தெரியும்? நீ எழுதி வை. வந்தவுடனே சுவிட்ச அணைக்காத. மொதல்ல நல்லாப் பாரு."

திங்கட்கிழமை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தேன். மூன்று நாள் ஒன்றும் எழுத வேண்டியிருக்கவில்லை. வந்தால் நல்லது என்று நான் முதல்முறையாகக் காத்திருந்தது அப்போதுதான். வியாழக்கிழமை காலை வந்தது.

கை தானாகவே சுவிட்சுக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். பார்த்தேன்.

திரை முழுவதும் கெடவில்லை. மேல் வரியில் வாடிக்கையாளரின் பெயர் தெளிவாக இருந்தது. துணி இறக்குமதி செய்பவர். அதற்கு அடுத்த வரியில், முகவரியின் நடுவிலிருந்துதான் கோலம் ஆரம்பித்தது. இன்னொன்றும் தெரிந்தது. எண்கள் கெடவில்லை. ஆங்கிலத்தின் பெரிய எழுத்துகளும் கெடவில்லை. சின்ன எழுத்துகள் மட்டும்தான் கோடும் மூலையுமாக மாறியிருந்தன.

பென்சிலை எடுத்து அந்த வரியை அப்படியே வரைந்தேன். கடை எண் இருந்தது. பிறகு நான்கு குறிகள். ஒரு B. ஐந்து குறிகள். ஒரு R. மூன்று குறிகள்.

சுருக்கெழுத்து படித்தவளுக்குக் குறியைப் பார்த்தால் சும்மா விட மனம் வராது. B-க்குப் பின் ஐந்து, R-க்குப் பின் மூன்று. பிரிட்ஜ் ரோடு. Bridge Road என்று எழுதிப் பார்த்தால், அந்த மூன்று குறிகளில் நடுவில் இருந்த புள்ளிச் சதுரம் a ஆகத்தான் இருக்க வேண்டும். கீழே வேறொரு வரியில் 'சிங்கப்பூர்' என்ற சொல்லிலும், a வர வேண்டிய இடத்தில் அதே புள்ளிச் சதுரம்தான் இருந்தது. அப்படியானால் எதுவும் அழியவில்லை. எழுத்துகள் எல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, வேறு உடை போட்டுக்கொண்டு நிற்கின்றன. அணைத்துப் போட்டபோது கட்டத்தின் கோடுகள் q ஆக மாறியது ஞாபகத்துக்கு வந்தது. அங்கே கோடு எழுத்தானது, இங்கே எழுத்து கோடானது. இரண்டும் ஒரே சங்கதி.

மகிழ்ச்சியில் என் முதுகு சிலிர்த்ததை இன்றும் சொல்ல முடிகிறது. ஆனால் அந்த வரியில் ஒரு குறை இருந்தது. துணிக்காரரின் கடை நார்த் பிரிட்ஜ் ரோட்டில் என்று எனக்குத் தெரியும், அப்படியானால் முதலில் ஒரு பெரிய N இருக்க வேண்டும். பெரிய எழுத்துகள்தான் கெடவில்லையே. B இருக்கிறது, R இருக்கிறது. N எங்கே?

சுவிட்சைத் தொடாமல் பட்டியல் பக்கத்துக்குத் திரும்பிப் போனேன். கட்டம் ஒழுங்காக வந்தது, எழுத்துகளும் ஒழுங்காக வந்தன. வேறு வாடிக்கையாளரைத் திறந்தேன். சரியாக இருந்தது. மறுபடி துணிக்காரரைத் திறந்தேன். கோலம். பட்டியலுக்குப் போனேன். சரி. துணிக்காரர். கோலம். ஐந்து முறை செய்தேன். பேய் நான் கூப்பிட்டபோது வந்தது, போ என்றபோது போனது.

பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, "இந்த வாடிக்கையாளரை உன் திரையில் ஒருதடவை திற" என்றேன்.

"என்னுடையதும் கெட்டுப்போனா?"

"கெட்டுப்போகும். நானே சரி பண்ணித் தர்றேன்."

ரொம்ப யோசித்தாள். பிறகு ஒற்றை விரலால் தட்டினாள். அவளுடைய திரையிலும் அதே கிழிந்த வீட்டு வரைபடம் சிதறியது. அவள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் நான் அப்படிச் சிரித்தது அதுவே முதல்தடவையாக இருக்கும்.

எங்களுக்கு நிரல் எழுதிக் கொடுத்தவர் நம் தமிழ் ஆள்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவர். வெள்ளிதோறும் வந்து பின்னறையில் உட்காருவார். மறுநாள் அவர் வந்தவுடன் நோட்டைக் கொண்டுபோய் வைத்தேன்.

"தம்பி, கொஞ்சம் பாருங்க. இந்த ஒரு ஆளத் தொறந்தா மட்டும்தான் கெடுது. யாரு தொறந்தாலும் கெடுது. மெயின் மெனுவுக்குப் போனா சரியாயிடுது. அப்புறம், இதுல ஒரு N காணோம்."

அவர் நான் வரைந்த குறிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அக்கா, இத நீங்களே ஒக்காந்து வரைஞ்சீங்களா?"

"ஆமா. ஏன்?"

"இல்ல, மெஷின் வித்த கம்பெனி ஆளுங்க மூணு தடவ வந்துட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் இதப் பாக்கல."

அந்த வாடிக்கையாளரின் விவரத்தை எழுத்தாக இல்லாமல் எண்களாகத் தாளில் அச்செடுத்தார். கணினிக்கு ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண்தான் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. பெரிய N-க்கு 78. அது இருக்க வேண்டிய இடத்தில் 14 இருந்தது. அந்த 14-ஐத் திரையால் எழுத்தாகக் காட்ட முடியாது. 'இனிமேல் வருவதைக் கோடு வரையும் எழுத்தாகக் காட்டு' என்று திரைக்கு இடும் கட்டளை அது. பட்டியலைச் சுற்றிக் கட்டம் போட அவருடைய நிரலும் அதைத்தான் பயன்படுத்தியது. ஆனால் கட்டம் போட்டு முடித்ததும் 'பழையபடி எழுத்துக்குத் திரும்பு' என்று சொல்லிவிடும். இந்த முகவரி திரும்பச் சொல்லாமல் விட்டுவிட்டது. அதனால்தான் நான் பட்டியலுக்குப் போகிறவரை எல்லாம் கோடாகவே வந்தது.

"14 எப்படி உள்ள போச்சு?" என்று கேட்டேன்.

"ஷிஃப்ட் கீயும் N-உம் சேத்து அமுக்குனா பெரிய N. கன்ட்ரோல் கீயும் N-உம் அமுக்குனா இந்த 14. ஏத்துறப்ப யாரோ வெரல் மாத்தி வச்சிருக்காங்க. அத உள்ள விட்டது என் புரோகிராம் தப்புதான் லா."

யாரோ என்றார். நான் வெளியே வந்து அலமாரியைத் திறந்தேன். ஏற்றி முடித்த அட்டைக் கட்டுகள் அங்கேதான் இருந்தன. ஒவ்வொரு கட்டின் மேலும் ஏற்றியவர் கையெழுத்துப் போட வேண்டும். துணிக்காரரின் அட்டை இருந்த கட்டைத் தேடி எடுத்தேன். மேலே இருந்தது என் கையெழுத்து.

பத்து வருடத்துக்கு மேல் பழகிய தட்டச்சு இயந்திரத்தில் ஷிஃப்ட் இருந்த இடம் வேறு, இந்த விசைப்பலகையில் இருந்த இடம் வேறு. இடது கைச் சின்ன விரல் பழைய இடத்தைத் தேடிப் போய்ப் பக்கத்தில் இருந்ததை அமுக்கியிருக்கிறது. நான் திரையைப் பார்க்கவே இல்லை. வேகத்தில் இருந்தேன்.

மேலாளர் நினைத்தது சரியாகிவிட்டதே என்று இருந்தது. நிரல்காரர் வெளியே வந்து என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார். புரிந்துகொண்டார்.

"விடுங்கக்கா. யாரு அடிச்சதுன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நான் சரி பண்ணிடுறேன், முடிஞ்சுபோச்சு."

அவர் சொன்னபடி விட்டிருக்கலாம். ஆனால் 'உங்களால்தான்' என்று மூன்று வாரமாக எல்லாரும் சொல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தபோது எனக்கு வலித்தது, என்ன தப்பு என்று யாருக்கும் தெரியவில்லை என்பதால்தான். இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்த தப்பைச் சொல்வதற்கு நான் நினைத்த அளவு பயமாக இல்லை. நோட்டையும் கட்டையும் எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன். முதலில் காரணத்தைச் சொன்னேன், பிறகு கையெழுத்தைக் காட்டினேன்.

அவர் என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இது வேறு முகவரிகளிலும் நடந்திருக்குமா?

"நடந்திருக்கும் சார். என் விரல் ஒருதடவை மட்டும் தப்பியிருக்காது. மற்ற இரண்டு பேரும் டைப்பிங் படித்தவர்கள்தான்."

அன்று பிற்பகல் நிரல்காரர் எல்லா முகவரிகளையும் சல்லடை போட்டார். பதினோரு இடத்தில் இப்படிப்பட்ட எண்கள் ஒளிந்திருந்தன. ஐந்து என்னுடையவை. நான்கு பக்கத்து மேசைக்காரியுடையவை. பெரும்பாலானவை திரையில் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்தவை. அவளுடையவற்றில் ஒன்று மட்டும் வேடிக்கையானது. கேலாங்கில் இருந்த ஒரு வாடிக்கையாளரின் முகவரியில் பெரிய G-க்குப் பதிலாகக் கன்ட்ரோல் G விழுந்திருந்தது. அதற்குத் திரை கெடாது. டெர்மினலில் மணி அடிக்கும். இரண்டு மாதமாக அந்த முகவரியைத் திறக்கும்போதெல்லாம் 'பீப்' என்று சத்தம் வந்திருக்கிறது.

"ஏன் சொல்லவே இல்லை?" என்று அவளைக் கேட்டார்கள்.

"முக்கியமான வாடிக்கையாளர்னு நெனச்சேன் லா" என்றாள். "அவங்க சரக்கைத்தான் எப்பவும் முதல்ல அனுப்பிட்டிருந்தேன்."

மேலாளர்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல், எழுத்து அல்லாத எதையும் நிரல் உள்ளே விடவில்லை. அமுக்கினால் மறுத்துவிடும். ஃபைல் அறைப் பேச்சை மேலாளர் மறுபடி எடுக்கவில்லை. மாத முடிவு வந்தது, போனது. நானாகப் போய்க் கேட்டேன்.

"எந்த ஃபைல் அறை?" என்றார். பிறகு, திரை கெட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாருக்குமாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்.

அந்தப் பக்கத்தை எழுத எனக்கு மூன்று நாள் ஆனது. அதுவரை நான் தட்டியதெல்லாம் பிறர் சொன்னவை. யாரோ பேசுவார்கள், நான் குறியெடுப்பேன், அவர் கையெழுத்துப் போடக் கொடுப்பேன். நான் யோசித்ததை நானே தட்டுவது அதுதான் முதல்தடவை. முதல் வரியை ஆறு முறை மாற்றினேன். கடைசியில் இப்படி வைத்தேன்: பயப்பட வேண்டாம், உங்கள் எழுத்துகள் எங்கும் போகவில்லை. இரண்டாவது: சுவிட்சை அணைக்காதீர்கள், முதலில் பாருங்கள். எது கெட்டது, எது கெடவில்லை, அதற்குச் சற்று முன் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். கீழே என் பெயரைப் போடலாமா என்று தயங்கினேன். போட்டேன். எட்டு மேசைகளிலும் அதை ஒட்டினார்கள்.

அடுத்த வருடம் ஜூரோங்கில் இருந்த எங்கள் கிடங்கில் இரண்டு டெர்மினல்களை வைத்தார்கள். வைத்த இரண்டாம் நாளே அங்கிருந்து தொலைபேசி. திரையில் ஒன்றுமே படிக்க முடியவில்லை, கேள்விக்குறியும் கிறுக்கலுமாக ஓடுகிறது. நிரல்காரர் ஊரில் இல்லை. மேலாளர் என் மேசைக்கு வந்து, "நீ போய்ப் பார்க்கிறாயா?" என்றார்.

கம்பெனி லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனேன். எம்.ஆர்.டி. ரயிலுக்காக ரோடெல்லாம் தோண்டிப் போட்டிருந்த காலம். போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கிடங்கில் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுபவர் தமிழர். "அக்கா, நாங்க ஒண்ணும் பண்ணலக்கா, தானா கெட்டுப்போச்சு" என்று முந்திக்கொண்டு சொன்னார்.

"நீங்க பண்ணுனாலும் பரவால்ல. என்ன பண்ணீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன்.

திரையைப் பார்த்தேன். இந்த முறை பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் என்ற வேற்றுமை இல்லை. எதுவுமே எதுவாகவும் இல்லை. நான் பார்த்த பழைய கோளாறு இது இல்லை. இரண்டு டெர்மினல்களில் ஒன்றுதான் இப்படி, மற்றது நன்றாக ஓடியது. அப்படியானால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். டெர்மினல் கம்பெனி ஆட்கள் திறந்து பார்ப்பதைக் கண்டிருந்த 'செட்-அப்' என்ற அமைப்புப் பக்கத்தை இரண்டிலும் திறந்து வரிவரியாகப் படித்துக்கொண்டே போனேன். வேகம் என்ற இடத்தில் நல்லதில் ஓர் எண், கெட்டதில் வேறு எண். கணினி ஒரு வேகத்தில் பேசிக்கொண்டிருந்தது, திரை இன்னொரு வேகத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ தூசு துடைக்கும்போது எதையோ அமுக்கியிருக்க வேண்டும். யார் என்று நான் கேட்கவில்லை.

எண்ணை மாற்றி, என்டர் தட்டினேன். கட்டம் போட்ட பட்டியல் பச்சையாக வந்து நின்றது. பின்னால் யாரோ கை தட்டினார்கள். வண்டி ஓட்டுபவர் ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட மைலோ பானம் வாங்கி வந்து, கயிற்றோடு என் கையில் கொடுத்தார். அதைக் குடித்துக்கொண்டே, அங்கிருந்த இரண்டு பெண்களிடம் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்த எண் எங்கே இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். அவர்களில் ஒருத்தி எழுதிக்கொள்ளப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.